கேட்டால் பேராசை என்பார்களா?

கேள்வி: ஒரு தனியார் இசைப் பள்ளியில் 8 வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பிறகு சேர்ந்த ஆண் ஆசிரியருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் கேளுங்கள், சகோதரி. எப்படிக் கேட்பது என்பதற்கு உங்கள் துறையிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் லூயிஸ் ஃபராங்க். 1804-ல் பாரிஸில், சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரின் பெரிய இசைக் கல்லூரியான கன்சர்வேட்டரியின் இசையமைப்பு வகுப்பில் அன்று பெண்களுக்கு இடமில்லை. அதனால் அங்கே ஆசிரியராக இருந்த அன்டோன் ரைஷாவிடம் 15 வயதில் தனியாகப் பாடம் கேட்டார். பின்னாளில் மூன்று சிம்பொனிகள் எழுதினார். 1842-ல் அதே கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியராகவும் ஆனார். ஆனால் சம்பளம் ஆண் ஆசிரியர்களைவிடக் குறைவு.

8 வருடம் அப்படியே ஓடியது. உங்கள் கணக்கும் அதேதான், பாருங்கள்! 1850-ல் அவருடைய நோனெட் அரங்கேறியது. நான்கு தந்தி வாத்தியம், ஐந்து காற்று வாத்தியம், ஆக ஒன்பது பேர் வாசிப்பது. வயலின் வாசித்தவர், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற யோசெஃப் யோவாகிம்; அப்போது அவருக்கு 18 வயதுதான். பாராட்டு குவிந்தது.

அதே வருடம் கன்சர்வேட்டரியின் இயக்குநர் ஓபேருக்கு லூயிஸ் கடிதம் எழுதினார். கெஞ்சவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுக்காவிட்டால், நான் வேலையில் அக்கறை காட்டவில்லை என்றுதானே பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குறைந்த சம்பளம் தன் உழைப்பின் மேல் விழும் பழி என்று எவ்வளவு நிதானமாகச் சொல்லிவிட்டார்! சம்பளம் உயர்ந்தது. 1873 வரை அங்கேயே சொல்லிக்கொடுத்தார்.

சரி, உங்கள் மாணவர்களின் ஆண்டு நிகழ்ச்சி எப்போது? அது நல்லபடியாக முடிந்த வாரத்திலேயே எழுதுங்கள். சேர்ந்த தேதி, இதுவரை எத்தனை மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கட்டும். அந்த ஆசிரியரைக் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம். வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.