வீட்டுக் கணினியிலிருந்து வைரஸ் முழுமையாக நீங்கிவிட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது?

ஆன்டிவைரஸ் ஒரு வைரஸைப் பிடித்து நீக்கியதாகவும், பிறகு இரண்டு முறை ஸ்கேன் செய்தும் எதுவும் அகப்படவில்லை என்றும், இனி அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குத் திறக்க வேண்டாம் என்பதே என் பதில். எதுவும் அகப்படவில்லை என்ற அறிவிப்புக்கு, அந்த மென்பொருளுக்குத் தெரிந்த எதுவும் அது தேடிய இடங்களில் இல்லை என்பது மட்டுமே பொருள். எல்லா வைரஸ்களையும் பிழையின்றி இனங்காணும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்பதை கணினி அறிவியலாளர் ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணித வழியில் நிறுவியிருக்கிறார்.

தேடிய இடங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் நடந்ததே காரணம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அனைவருக்கும் சேர்த்து ஒரே கணினிதான் இருக்கிறது. மனைவி அதில் வரவுசெலவு பார்ப்பார், உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த மகன் வீட்டுப்பாடம் செய்வான். ஜூன் விடுமுறையில் அவன் ஒரு விளையாட்டின் திருட்டு நகலைப் பதிவிறக்கி, அது கேட்ட நிர்வாகி அனுமதியையும் கொடுத்துவிட்டான். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், நல்ல நிரல்போல் வேடமிட்டு நுழையும் ட்ரோஜன் ஒன்றைப் பிடித்தது, நீக்கினேன், அடுத்த முழு ஸ்கேனில் எதுவும் இல்லை. நான்கு நாள் கழித்து, மனைவியின் மின்னஞ்சல் கணக்கில் யாரோ நுழைய முயன்றதாக எச்சரிக்கை வந்த பிறகுதான் உட்கார்ந்து துருவிப் பார்த்தேன். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் நாங்கள் யாரும் சேர்க்காத ஒரு கோப்புறை இருந்தது. அந்தக் கோப்புறையைப் பார்க்க வேண்டாம் என்று டிஃபெண்டருக்கு வைரஸே சொல்லிவைத்திருந்ததால், நான் நம்பிய முழு ஸ்கேன் அதைத் தொடாமலேயே கடந்து போயிருக்கிறது. யாராவது கணினியில் உள்நுழையும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து ஒரு நிரலை இயக்கும் பணியும், நிரல்களைக் குறித்த வேளையில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பதிவாகியிருந்தது. நான் நீக்கியது ஆளை இறக்கிவிட்டுப் போன வண்டியை. இறங்கிய ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

எனவே, பிடிபட்டது என்ன வகை என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி பக்கத்தில் அதன் பெயர் இருக்கும். மைக்ரோசாஃப்ட் வைக்கும் பெயர்களில் முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் சொல் வகையைக் குறிக்கிறது. ஆட்வேர் என்றிருந்தால் பெரும்பாலும் விளம்பரத் தொல்லைதான், துப்புரவு செய்தால் போதும். ட்ரோஜன், வெளியாள் நுழைய வழி திறந்துவைக்கும் பேக்டோர், கடவுச்சொல் திருடி ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும், துப்புரவில் நேரத்தைச் செலவிடாமல் வட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவதே சரியென்று நான் கருதுகிறேன். கடவுச்சொல் திருடிகள் அரிதானவை அல்ல. லுமா என்ற ஒரே ஒரு திருடி மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் உலகெங்கும் 394,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இவ்வகைத் திருடிகள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் எடுத்து அனுப்பிவிடுகின்றன. போனது போனதுதான், வைரஸை நீக்குவதால் அது திரும்பி வராது. ஆகையால் கணினியின் வைஃபையைத் துண்டித்துவிட்டு, கைப்பேசி போன்ற வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளை மீட்கும் இணைப்புகள் எல்லாம் மின்னஞ்சலுக்கே வருவதால் அதில் தொடங்கி, பிறகு வங்கி, அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் என்று செல்லுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காமல், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற தெரிவையும் அழுத்துங்கள். இல்லையென்றால், திருடிய குக்கியை வைத்திருப்பவர் சில தளங்களில் உள்ளேயே இருக்கக்கூடும். வங்கிக் கணக்கில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை தெரிந்தால், இங்குள்ள பெரிய வங்கிகள் தரும் அவசர முடக்க வசதியை உடனே பயன்படுத்துங்கள். அது மோசடியா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம்.

மீண்டும் நிறுவுவது பலரும் அஞ்சுவதைப்போல் கடினமானதல்ல. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதுமானதாக இருந்தது. வைரஸ் இல்லாத வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய கணினியிலிருந்து புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள். நிரல்களையும் இன்ஸ்டாலர்களையும், எவ்வளவு அவசியமானவையாகத் தோன்றினாலும், எடுக்காதீர்கள். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவும்போது அந்த வட்டிலுள்ள பகுதிகள் அனைத்தையும் அழித்துவிட்டுத் தொடருங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு இணைந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் பொதுவாக மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்காது. 2018இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸைப்போல, வட்டையே மாற்றினாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளில் தங்கிவிடும் தீம்பொருள்களும் உண்டு. ஆனால், அவை பெரும்பாலும் குறிப்பிட்ட இலக்குகளின்மீது ஏவப்படுபவை என்பதால், வீட்டுக் கணினிக்கு அந்த அச்சம் பொதுவாகத் தேவையில்லை.

துப்புரவே போதும் என்று நீங்கள் முடிவெடுத்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸைத் திறந்தால், அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது. பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே தேடுவதால், வைரஸால் தன்னை மறைத்துக்கொள்வது அங்கே கடினம்; பெரும்பாலும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்ததாக, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி, கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் அனைத்தையும் ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்டின் உருப்படிகளை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றைப் பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டல் என்ற இணையச் சேவையில் சோதிக்கும் தெரிவை இயக்குங்கள். வெளியீட்டாளர் பெயரின்றி இளஞ்சிவப்பில் தெரிபவற்றை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். இளஞ்சிவப்பு எல்லாமே தீயவை என்று எண்ணி அவசரத்தில் அழித்துவிட வேண்டாம், பழைய பிரிண்டர் மென்பொருள்கூட அப்படித் தெரிவதுண்டு. உலாவி நீட்சிகள், இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே திருப்பும் பிராக்ஸி அமைப்பு, தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றின் இடத்தைக் கண்டறிய ரூட்டர் பயன்படுத்தும் டிஎன்எஸ் முகவரி ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நாங்கள் வட்டை அழிக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம். மகன் சேமித்துவைத்திருந்த விளையாட்டு நிலைகள் அனைத்தும் போயின. அவன் அழுதான், எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது அவனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு இருக்கிறது. எதையாவது நிறுவ வேண்டுமென்றால் எங்களில் ஒருவரை அழைக்கிறான். அது எங்கிருந்து வந்தது என்று அவனோடு சேர்ந்து பார்த்த பிறகே கடவுச்சொல்லைத் தட்டுகிறோம்.