காட்டுத்தீயில் வீடு எரிந்தால் மறுபடி கட்டக் காப்பீட்டுத் தொகை போதுமா என்று எப்படிக் கணக்கிடுவது?

கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், 2,300 சதுர அடியில் 1978இல் கட்டிய வீடு ஒன்றை 11 லட்சம் டாலருக்கு வாங்கியிருப்பதாகவும், பாலிசியில் வீட்டுக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டாலர்தான் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட 5 லட்சம் குறைகிறதே என்பது உங்கள் கவலை. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. நீங்கள் கொடுத்த விலையில் மனையின் விலையும் சேர்ந்திருக்கிறது. மனை எரிந்து போவதில்லை. ஆனாலும் உங்கள் தொகை குறைவாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, வேறு காரணத்தால்.

6,20,000ஐ 2,300ஆல் வகுத்துப் பாருங்கள்: சதுர அடிக்கு 270 டாலருக்கும் சற்றுக் குறைவு. இனி உங்கள் ஊரில் வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர்கள் இரண்டு பேரிடம், இதே தரத்தில் ஒரு வீட்டை இன்று முழுவதுமாகக் கட்டச் சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். 400 என்று சொன்னால் தேவை 9 லட்சத்து 20 ஆயிரம். உங்களுக்கு 3 லட்சம் துண்டு விழும். பாலிசியின் முதல் பக்கத்தில் ‘கவரேஜ் ஏ’ (வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீட்டு வரம்பு) என்ற வரியில் இருக்கும் தொகையைப் பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான் கணிக்கிறது. அதற்கு ஊட்டிய விவரம் தவறென்றால் வெளிவரும் தொகையும் தவறுதான்.

இதை நான் 2020 ஆகஸ்டில்தான் கற்றுக்கொண்டேன். மழையில்லாத வறண்ட மின்னலால் சாண்டா குரூஸ் மலைகளில் தீப்பிடித்து, மறுபக்கத்தில் இருக்கும் எங்கள் முற்றத்தில் சாம்பல் விழுந்த வாரம் அது. பயத்தில் பாலிசியை எடுத்துப் படித்து, அந்தத் தொகை எப்படி வந்தது என்ற மதிப்பீட்டுத் தாளை முகவரிடம் கேட்டு வாங்கினேன். முந்தைய உரிமையாளர் மாடியில் சேர்த்த அறையை அதில் காணோம். பரப்பளவு நானூறு சதுர அடி குறைந்திருந்தது. சரிவில் நிற்கும் வீடு சமதளத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. சரிவில் அஸ்திவாரம் போடும் செலவு என்னவென்று மலைப்பகுதியில் வீடு கட்டிய எவரையும் கேட்டால் சொல்வார்கள். ஆறு வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தும் அந்தத் தாளை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. முகவரும் தாமாகக் காட்டியதில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, தீக்குப் பிந்தைய விலை. 2017 அக்டோபரில் சாண்டா ரோசாவில் ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டி வந்த தீ, காட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத காஃபி பார்க் குடியிருப்பை அழித்தது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரிலும் சுற்றிலும் 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீகளிலும் சேர்த்து 16,000க்கும் மேல். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அதே தச்சர்களையும் அதே கான்கிரீட் லாரிகளையும் தேடும்போது நேற்றைய கூலி இன்று இருக்காது. இதற்காகத்தான் ‘எக்ஸ்டெண்டட் ரீப்ளேஸ்மெண்ட் காஸ்ட்’ என்ற சேர்க்கை இருக்கிறது. வரம்புக்கு மேல் குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். உங்களுக்கு 25 சதவீதம் என்றால் மொத்தம் 7 லட்சத்து 75 ஆயிரம், 50 சதவீதம் என்றால் 9 லட்சத்து 30 ஆயிரம். இந்தச் சேர்க்கையை நம்பி அடிப்படைத் தொகையைக் குறைவாக விட்டுவிடாதீர்கள்; அது விலையேற்றத்தைத் தாங்குவதற்கானது. வரம்பே இல்லாமல் முழுச் செலவையும் ஏற்கும் பாலிசி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ஆனால் தீ அபாயப் பகுதிகளில் அது அரிது. தேய்மானம் கழித்துத் தரும் ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ என்ற சொல் வீட்டுக்கு நேராக இருந்தால் அந்தப் பாலிசியை மாற்றிவிடுவது நல்லது.

1978ஆம் ஆண்டு வீடு என்பதால் இன்னொரு செலவும் உண்டு. எரிந்த வீட்டை இருந்தபடியே திரும்பக் கட்ட நகராட்சி விடாது. 2011 முதல் கலிஃபோர்னியாவில் புது வீடுகளுக்குள் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயம். தீ அபாயப் பகுதிகளில் மாநிலக் கட்டட விதிகளின்படி, தணல் புகாத காற்றுத் துளைகள், வெப்பம் தாங்கும் கண்ணாடி, எளிதில் தீப்பற்றாத கூரை எல்லாம் வேண்டும். பழைய வீட்டில் இல்லாத இவற்றுக்கான பணம் ‘ஆர்டினன்ஸ் ஆர் லா’ என்ற தனிப் பிரிவிலிருந்து வரும். அது வீட்டுத் தொகையில் 10 சதவீதம் என்றால் உங்களுக்கு 62 ஆயிரம் டாலர். பழைய வீட்டுக்கு அது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை, 20 அல்லது 25 கேட்டுப் பாருங்கள்.

வாடகை விஷயம் சுருக்கமாக: அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் வெளியே தங்கும் செலவுக்குக் குறைந்தது 24 மாதம் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் 36 மாதம் வரை நீட்டலாம் என்பது மாநிலச் சட்டம். ஆனால் காலத்தைத்தான் சட்டம் நீட்டுகிறது; பாலிசியில் உள்ள டாலர் வரம்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடலாம்.

நிறுவனம் உங்களைக் கைவிட்டு, வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கான ஃபேர் பிளான் என்ற ஏற்பாட்டுக்குப் போக நேர்ந்தால், அங்கே தேய்மானம் கழிக்காத மறுகட்டுமானச் செலவும் கட்டட விதிச் செலவும் தாமாகச் சேர்ந்து வருவதில்லை, கேட்டுச் சேர்க்க வேண்டும். திருட்டு, தண்ணீர்க் குழாய் உடைப்பு, பிறருக்கு நேரும் காயம், சேதத்துக்கான பொறுப்பு போன்றவற்றுக்குத் தனியாக இன்னொரு பாலிசி வேண்டியிருக்கும்.

முகவரிடம் இவற்றைத் தொலைபேசியில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அருகில் தீ எரியத் தொடங்கிவிட்டால் அந்தப் பகுதியில் வரம்பை உயர்த்துவதை நிறுவனங்கள் நிறுத்திவைப்பது வழக்கம். 2020இல் எனக்கு அப்படித்தான் ஆனது, தீ அடங்கும் வரை பழைய தொகையோடுதான் தூங்கினேன். தீப் பருவம் சூடுபிடிக்கும் முன், மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.