மொட்டை மாடியிலிருந்து விண்வெளி நிலையம்: கேள்வியும் பதிலும்

பதில்கள் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட வானத்தை மனதில் வைத்துச் சொன்னவை. ஐஎஸ்எஸ் என்றால் சர்வதேச விண்வெளி நிலையம். அது நம் வானத்தை ஒருமுறை கடந்து போவதைத்தான் 'பாஸ்' என்கிறோம்.

தாம்பரத்திலிருந்து: ஆப்ல 7.12-க்கு ஐஎஸ்எஸ் வரும்னு போட்டிருந்தது சார். குடும்பத்தோட மாடியில நின்னோம், ஒண்ணுமே வரலை. எங்கே தப்பு?

முதலில் ஆப்பில் உங்கள் ஊர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிலையம் வரும் நேரத்தைச் சொல்லும் ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் இடம் கொடுக்காவிட்டால் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று எடுத்துக்கொள்ளும். அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடல். நேரமும் உலகப் பொது நேரமாக இருக்கும், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

இடம் சரி என்றால் அடுத்தது உச்ச உயரக் கோணம், அதாவது தொடுவானத்திலிருந்து அது அதிகபட்சம் எத்தனை டிகிரி ஏறும் என்பது. அந்த 7.12 வரிசையில் உச்சம் 14 டிகிரி என்று இருந்திருந்தால், தாம்பரத்தில் எதிர்வீட்டு தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். 40 டிகிரிக்கு மேல் உள்ள நாளாகப் பொறுக்குங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து நான்கு முஷ்டி அடுக்கினால் 40.

மூன்றாவது, அந்தப் பட்டியலை எப்போது எடுத்தீர்கள்? நிலையம் மெல்லிய காற்றில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்குவார்கள். தூக்கிய பிறகு பழைய பட்டியல் நிமிடக் கணக்கில் பிசகும். அன்று மாலையே புதிதாக எடுத்த நேரத்தை மட்டும் நம்புங்கள்.

மதுரையிலிருந்து: ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வானம் நல்லா இருட்டா இருக்கே. அப்போ ஏன் ஒரு பாஸ்கூட இல்லை?

நிலையத்தில் நமக்குத் தெரியும் அளவுக்கு விளக்கு எதுவும் இல்லை. பட்டுத் தெறிக்கும் வெயிலைத்தான் பார்க்கிறோம். அது சுமார் 410 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. நம் தலைக்கு மேல் அந்த உயரத்தில் வெயில் படவேண்டுமானால் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 80 நிமிடத்தில் அந்த 20 டிகிரியைக் கடந்துவிடும். அதற்குப் பிறகு தலைக்கு மேல் வந்தாலும் பூமியின் நிழலுக்குள்தான் போகும். மேற்கு வானத்தில் மட்டும் இன்னும் சற்று நேரம் வெயில் மிச்சமிருக்கும்.

சூரியன் மறைந்த முதல் 25 நிமிடம் வானம் வெளுப்பாக இருப்பதால் அதுவும் வீண். மாலையில் சுமார் ஒரு மணி நேரம், விடிவதற்கு முன் அதே அளவு. நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். லண்டன்காரர்களுக்கு ஜூன் மாதம் ஒரே இரவில் நான்கைந்து தடவை தெரியும். அங்கே அப்போது நள்ளிரவிலும் சூரியன் ஆழமாக இறங்குவதில்லை. அவர்கள் போடும் பட்டியலைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: சென்னையில் உச்சிக்கு வந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்கு அதே பாஸ் தாழ்வாகத் தெரிந்தது. போன வாரம் மட்டும் இரண்டு ஊரிலும் உச்சிக்கு வந்ததே, எப்படி?

திசையைப் பார்த்தால் புரிந்துவிடும். நம் வானத்தில் நிலையம் இரண்டே வழியில்தான் போகும்: தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு. சென்னையும் குமரி முனையும் சுமார் 630 கி.மீ. தூரம், அந்தக் கோடும் ஏறத்தாழ தென்மேற்கு-வடகிழக்காகவே சாய்ந்திருக்கிறது. முதல் வழியில் வந்தால் இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட தலைக்கு மேல். உங்களுக்கு ஒன்றரை நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். இரண்டாவது வழியில் சென்னைக்கு உச்சியில் போனால், உங்களுக்கு வடகிழக்கில் 30 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து: எங்கள் தலைக்கு மேலே எப்போதும் விமானம் போகிறது. பிரித்தறிவது எப்படி?

சிவப்பும் பச்சையும் விட்டுவிட்டு மின்னினால் விமானம். மின்னாமல், சத்தமில்லாமல், ஒரே சீராக நகர்ந்தால் சேட்டிலைட். சில விநாடிக்கு ஒருமுறை மங்கி மங்கிப் பிரகாசித்தால், பெரும்பாலும் செயலிழந்து உருண்டுகொண்டிருக்கும் ராக்கெட்டின் மேல்கட்டம். ஐஎஸ்எஸ் நல்ல பாஸில் வியாழனைவிடப் பிரகாசமாக இருக்கும், சில சமயம் வெள்ளியை நெருங்கும்.

மாலைப் பாஸில் மேற்கே எழும்போது மங்கலாகத்தான் இருக்கும். தூரமும் அதிகம், வெயில் படாத பக்கம்தான் நம்மைப் பார்த்திருக்கும். உச்சி தாண்டிக் கிழக்கே போகும்போதுதான் முழு ஒளி. பிறகு நடுவானத்திலேயே ஆரஞ்சு ஏறி, சில விநாடியில் அணைந்துவிடும். மேகம் மறைத்தது என்று நினைத்துப் பலர் காத்திருப்பார்கள். அது பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, திரும்பி வராது. விடியற்காலையில் இதுவே தலைகீழ்: ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று முளைக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: சீன நிலையமும் வெறுங்கண்ணுக்குத் தெரியுமா?

தாராளமாக. தியான்கொங்கின் முதல் பகுதி 2021 ஏப்ரலில் ஏவப்பட்டது, 2022-இல் இரண்டு ஆய்வகப் பகுதிகள் சேர்ந்தன. ஐஎஸ்எஸ்ஸைவிடச் சிறியது என்றாலும் நல்ல பாஸில், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அளவுக்கு ஒளிரும். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 41.5 டிகிரி சாய்வு, ஐஎஸ்எஸ்ஸுக்கு 51.6. அதனால் தியான்கொங் நம் வானத்தில் இன்னும் கொஞ்சம் மேற்கு-கிழக்காகச் சாய்ந்து போகும்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதன் சாய்வு 28.5 டிகிரிதான், அந்த அட்சரேகையைத் தாண்டி வடக்கே போகாது. லண்டனில் அது கண்ணுக்கே வராது. நமக்கோ உச்சி வானத்தில் போகிறது. நடுத்தர நட்சத்திர அளவு ஒளிதான், நகரத்து வெளிச்சத்தில் பைனாகுலர் தேவைப்படலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் தவறவிடக் கூடாத காட்சி இது.

திருச்சியிலிருந்து: ரயில் பெட்டி மாதிரி வரிசையாக விளக்குகள் போனது. வீடியோ எடுத்தேன், பக்கத்து வீட்டில் பறக்கும் தட்டு என்கிறார்கள்.

அது ஸ்டார்லிங்க், இணையச் சேவைக்காகக் கொத்தாக ஏவப்படும் சேட்டிலைட்டுகள். ஏவிய முதல் சில நாட்கள் மட்டும் அப்படி நெருக்கமாகப் போகும். பிறகு ஒவ்வொன்றும் தன் பாதைக்கு ஏறும்போது இடைவெளி விரிந்து, ஒளியும் குறைந்து, நகரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

சேலத்திலிருந்து: காம்பஸ் காட்டிய திசையில் பார்த்தேன், எதிர்ப்பக்கம் போனது. போன் கோளாறா?

மாடிக் கைப்பிடிக் கம்பி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, போன் உறையில் உள்ள காந்தம், எல்லாம் முள்ளை இழுக்கும். உறையைக் கழற்றி, கம்பியிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, போனை எட்டு வடிவில் சுழற்றிவிட்டுப் பாருங்கள். சூரியன் மறைந்த இடத்தை மேற்கு என்று எடுத்துக்கொள்வதும் சரிவராது. டிசம்பரில் அது தெற்குப் பக்கமாக சுமார் 24 டிகிரி விலகியிருக்கும், ஜூனில் வடக்குப் பக்கமாக அதே அளவு.

புதுச்சேரியிலிருந்து: படம் எடுக்க என்ன செட்டிங், அண்ணா? என் படத்தில் கோடு துண்டு துண்டாக வருகிறது.

துண்டாவதற்குக் காரணம் கேமராவில் உள்ள 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்'. 10 விநாடி எடுத்தால் இன்னொரு 10 விநாடி கறுப்பாக எடுத்து ஒப்பிடும், அதற்குள் நிலையம் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஓடிவிடும். அதை அணையுங்கள். முக்காலி, 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 4, ஐஎஸ்ஓ 400, நகரத்தில் 8 விநாடி, இருட்டான இடத்தில் 20. இடைவெளி ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம். ஃபோகஸை முன்கூட்டியே ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் மேனுவலாக வைத்துப் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் அது இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும். எடுத்ததையெல்லாம் ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற மென்பொருளில் 'லைட்டன்' முறையில் அடுக்கினால் ஒரே கோடாகச் சேரும். போன் என்றால் ப்ரோ மோடு, இரண்டு விநாடி டைமர். நைட் மோடு வேண்டாம், அது பல படங்களைக் கலந்து கோட்டைத் தேய்த்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: நம்ம இஸ்ரோ சேட்டிலைட்டை ஏன் பார்க்கவே முடிவதில்லை?

பூமியைப் படம் எடுக்கும் கார்ட்டோசாட் வகைகள் நம் மேல் காலை ஒன்பதரை, பத்தரை மணி வாக்கில் கடக்குமாறு பாதை அமைத்திருப்பார்கள். இரவுப் பக்கம் வருவதும் அதே ஒன்பதரை, பத்தரைதான். அதற்குள் நிழல் விழுந்துவிடும். தகவல்தொடர்புக்கான ஜிசாட், இன்சாட் எல்லாம் 35,786 கி.மீ. உயரத்தில், தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. ஆனால் கார்ட்டோசாட்களை ஏற்றிச் சென்ற பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிக் கட்டம் சில சமயம் நன்றாகவே தெரியும். பட்டியலில் 'பிஎஸ்எல்வி ஆர்/பி' (ராக்கெட் பாடி) என்று இருக்கும்.

சென்னையிலிருந்து: ஐஎஸ்எஸ் சூரியனைக் கடக்கும் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பு அரை விநாடிதான். தெரியும் பட்டையின் அகலமும் சில கிலோமீட்டர்தான், வண்டி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியிருக்கும். டிரான்சிட் ஃபைண்டர் தளம் இடத்தையும் விநாடியையும் சொல்லும். வீடியோவாக எடுங்கள், ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல். சூரிய ஃபில்டர் லென்ஸின் முன்புறம் இருக்க வேண்டும், கண் வைக்கும் பக்கம் திருகும் வகை சூட்டில் வெடித்துவிடும். தொலைநோக்கியின் பக்கத்தில் இருக்கும் சிறு குறிபார்க்கும் குழாயையும் (ஃபைண்டர்) மூடிவிடுங்கள்.