ஒளிரும் பாக்டீரியாவை வைத்து மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

இதைப் பல காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதிகம் பயன்படுவது அலிவிப்ரியோ ஃபிஷரி என்ற கடல் பாக்டீரியா. லூசிஃபெரேஸ் என்ற நொதி ஆக்சிஜனைக் கொண்டு நீலப்பச்சை ஒளியை உண்டாக்குகிறது, அதற்கான ஆற்றல் செல்லின் சுவாசத்திலிருந்து வருவதால் நஞ்சு பட்டுச் செல் தடுமாறினாலே, சாவதற்கு முன்பே, வெளிச்சம் மங்கிவிடும்.

மண்ணை நீரில் குலுக்கி, வடிகட்டி, 2 சதவீதம் உப்பு சேர்த்து (கடல்வாசி அல்லவா, உப்பில்லாமல் அதற்கு ஆகாது), 15 டிகிரி செல்சியஸில் பாக்டீரியாவோடு கலந்து, 5, 15, 30 நிமிடங்களில் ஒளிமானியில் அளப்பார்கள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவு எவ்வளவு குறைவோ, நஞ்சு அவ்வளவு கடுமை. ஐஎஸ்ஓ 11348 என்ற தரமுறையே இதற்கு இருக்கிறது.

சிக்கல் மண்ணில்தான். சாறு கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த நிறமே ஒளியை விழுங்கி, இல்லாத நஞ்சை இருப்பதாகக் காட்டும். எண்ணெய்க் கழிவு மாதிரி நீரில் கரையாதவை மண்துகளிலேயே ஒட்டிக்கொண்டு தப்பிவிடும். அதனால் பாக்டீரியாவை நேரடியாக மண்கலவையிலேயே விட்டுப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அப்போது பாக்டீரியாவே களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், அது வேறு தலைவலி.

அப்புறம், இந்தச் சோதனை 'ஏதோ நஞ்சு இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும், ஈயமா பூச்சிக்கொல்லியா என்று சொல்லாது. பாதரசம் போன்ற குறிப்பிட்ட ஒன்றைத் தேட, அது பட்டால் மட்டும் ஒளிரும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், முதலில் ஒளிச்சோதனையில் சந்தேகமான மாதிரிகளைப் பிரித்துவிட்டு, அவற்றை மட்டும் வேதியியல் ஆய்வுக்கு அனுப்புவதுதான் சரி.