மாமாவின் பழைய கடையா, பழைய மாமாவின் கடையா?

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டு, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு வரவேற்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 'எனது மாமாவின் பழைய கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'த', 'மை', 'ஓல்ட்' மூன்றும் எந்த ஒழுங்கில் வரவேண்டும்? கொமினிகேஷன் கடையில் ஒரு மாதிரி அடித்துத் தந்தார்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் அது பிழை என்கிறார்கள். பெயரடைகளின் வரிசையைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டுமாம், அதற்குத் தனிக் கட்டணமாம். சேரலாமா?
- வாசகி, கல்முனை

பதில்: சேர வேண்டாம் மகள். 'மை அங்கிள்ஸ் ஓல்ட் ஷொப்' என்று எழுதுங்கள். 'த' தேவையில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வசனத்துக்கு மறுபடியும் கொமினிகேஷன் வாசலில்தான் நிற்பீர்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் கூட்டத்தை ஒரு முச்சக்கரவண்டி என்று வையுங்கள். சாரதியின் ஆசனத்தில் ஒருவர்தான் இருக்கலாம். 'எ', 'த', 'திஸ்', 'தட்', 'மை', 'யுவர்', 'ஹிஸ்', 'ஹர்' எல்லாம் சாரதிகள். 'மை' ஏறிவிட்டால் 'த' இறங்கிவிட வேண்டும். 'த மை ஷொப்', 'எ மை ஃப்ரெண்ட்', 'திஸ் மை சன்' என்று எழுதினால் ஒரே ஆசனத்தில் இரண்டு பேர். 'ஓல்ட்', 'நியூ', 'ரெட்' போன்ற பெயரடைகள் பின்னால் இருக்கும் பயணிகள். அவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் சாரதிக்குப் பிறகுதான்.

தமிழில் 'இந்த என் மகன்' என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் காலை வாருகிறது. இரண்டும் வேண்டுமென்றால் உடைமையைப் பின்னால் கொண்டுபோங்கள்: 'திஸ் சன் ஒஃப் மைன்', 'எ ஃப்ரெண்ட் ஒஃப் மைன்'. 'மை' தனியே நிற்காது, அதற்குப் பெயர்ச்சொல் துணை வேண்டும். 'மைன்' தனியேதான் நிற்கும், 'மைன் புக்' என்று வராது. 'யுவர்', 'யுவர்ஸ்' இரண்டுக்கும் இதே கதைதான்.

இனி மாமா. 'மை அங்கிள்ஸ்' என்பது முழுவதும் சேர்ந்து ஒரே சாரதி. அதிலுள்ள 'மை' மாமாவுக்கு உரியது, கடைக்கு உரியதன்று. பெயரடை தனக்கு வலப்பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 'மை அங்கிள்ஸ் ஓல்ட் ஷொப்' என்றால் கடை பழையது. 'மை ஓல்ட் அங்கிள்ஸ் ஷொப்' என்றால் மாமாவுக்கு வயது போய்விட்டது. கொமினிகேஷனில் உங்களுக்கு அடித்துத் தந்தது இரண்டாவதாகத்தான் இருக்கும். அங்கே கணினியில் ஒரு கடிதம் வைத்திருப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அதே கடிதம், பெயரும் முகவரியும் மட்டும் மாறும். ஹோட்டல் முகாமையாளரின் மேசையில் ஒரே கடிதம் பத்துப் பேருடைய கையொப்பத்தோடு கிடக்கும். இதற்குப் பக்கக் கணக்கில் காசு வேறு.

நான் வழக்கமாக விதிவிலக்குகளைச் சொல்லிக் குழப்புவதில்லை. ஒன்றை மட்டும் விட மனமில்லை, ஏனென்றால் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பாதி அதில்தான் தொங்குகின்றன. 'லேடீஸ் டெய்லர்' என்று எழுதியிருக்கிறது. 'லேடீஸ்' பன்மை. அப்படியிருக்க 'எ லேடீஸ் டெய்லர்' என்று முன்னால் 'எ' எப்படி வருகிறது? உடைமைச் சொல் சாரதியென்றால் அங்கே 'எ' ஏறவே கூடாதே?

இங்கே 'லேடீஸ்' சாரதி அன்று. டெய்லர் யாருடையவர் என்பதை அது சொல்லவில்லை, எந்த வகை டெய்லர் என்பதைச் சொல்கிறது. அதனால் பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் இருக்கிறது. 'எ' டெய்லருக்கு உரியது. பெயரடையும் 'லேடீஸ்'ஸுக்கு முன்னால் வரும்: 'எ நியூ லேடீஸ் டெய்லர்'. மட்டக்களப்பு நகரில் 1820 இல் தொடங்கிய வின்சன்ட் கேர்ள்ஸ் ஹை ஸ்கூல் இருக்கிறது. அதைப் பழைய பாடசாலை என்று சொல்ல விரும்பினால் 'அன் ஓல்ட் கேர்ள்ஸ் ஸ்கூல்' என்றுதான் எழுத வேண்டும். கிழவிகள் படிக்கும் பாடசாலை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பெயரை எழுதிப் பாருங்கள். 'எஸ்' எழுத்துக்குப் பிறகு மேலே ஒரு சிறு கொம்பு ('அப்பொஸ்ட்ரஃபி' என்ற குறி) இருக்கும், பல மாணவிகள் என்பதால். சென் மைக்கல்ஸ் கொலேஜில் கொம்பு 'எஸ்'ஸுக்கு முன்னால், புனித மிக்கேல் ஒருவர்தானே. 'விமன்ஸ்', 'சில்ட்ரன்ஸ்' இரண்டிலும் பன்மைக்கு 'எஸ்' கிடையாது, ஆகவே கொம்பு 'எஸ்'ஸுக்கு முன்னால்தான்.

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைப் பார்த்துக் கேளுங்கள்: 'யாருடைய?' என்பதற்கு விடையா, 'எந்த வகை?' என்பதற்கு விடையா? முதலாவதென்றால் சாரதி, இரண்டாவதென்றால் பெயரின் ஒட்டு. இரண்டும் ஒரே வசனத்தில் வரலாம். 'மை ப்ரதர்ஸ் நியூ லேடீஸ் பைசிக்கிள்' என்றால் தம்பியின் புதிய லேடீஸ் சைக்கிள். தம்பி லேடீஸ் சைக்கிள் ஓடுவது அவனுடைய பிரச்சினை, இலக்கணத்தில் பிழையில்லை.

இதிலே எனக்கு எரிச்சல் எதில் தெரியுமா? அரசாங்கம் இலவசமாகத் தரும் ஆங்கிலப் பாடநூலின் அட்டையிலேயே 'பியூபில்ஸ் புக்' என்று கொம்போடு அச்சிட்டிருக்கிறது. தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது வருடம் பிள்ளை அதைப் பையில் சுமக்கிறது. அந்தக் கொம்பு ஏன் அங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை, சொல்வாருமில்லை. வெற்றிடம் நிரப்பப் பழக்குகிறார்கள், பாடத்திட்டத்தை முடித்தாயிற்று என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். மெதடிஸ்த மிஷனரிமார் மட்டக்களப்பில் ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது 1814 இல். இருநூறு வருடம் தாண்டியும் ஒரு 'மை' எங்கே வரும் என்று கேட்க நம் பிள்ளை காசு கட்டவேண்டியிருக்கிறது.

பட்டியலுக்கு வருகிறேன். கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள் என்று ஒரு வரிசை உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயருக்கு முன் ஏழு பெயரடை எழுதும் மனிதரை நான் கண்டதில்லை. 'ஹர் பியூட்டிஃபுல் ரெட் மருதமுனை சாரி' என்றால் போதும்: முதலில் உங்கள் அபிப்பிராயம், பிறகு நிறம், பெயரை ஒட்டி ஊர். 'அழகான சிவப்பு மருதமுனைச் சேலை' என்று தமிழிலும் அதே ஒழுங்கில்தானே சொல்கிறோம். காது ஏற்கெனவே அறிந்ததற்கு எதற்குக் கட்டணம்? முப்பது நாளில் ஆங்கிலம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பட்டியலைத்தான் விற்பார்கள். வசனம் எழுதவைத்துத் திருத்துவதற்கு நேரமும் ஆளும் வேண்டும், அது இலாபமில்லை. அதையும் மீறிச் சேர்வதென்றால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, பதிவிலக்கத்தைக் கண்ணால் பாருங்கள். 'டிப்ளோமா' என்று தங்க நிறத்தில் அச்சிட்ட தாளை ஹோட்டல்காரர் கணக்கில் எடுக்கமாட்டார், நேர்முகப் பரீட்சையில் இரண்டு வசனம் பேசச் சொல்வார்.

கொமினிகேஷன் கணினியைப் பற்றி இன்னொன்று. உடைமையைச் சொல்லும் 'இட்ஸ்' என்ற சொல்லில் கொம்பு கிடையாது, 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்தில்தான் உண்டு. கணினி சில வேளை தானாகவே கொம்பு போட்டுவிடும், அடிக்கிறவர் பார்க்கமாட்டார். நீங்கள் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் வசனத்தில் 'ஓல்ட்' எதற்கு? கடை பழையது என்பதால் ஹோட்டல்காரருக்கு என்ன ஆகப்போகிறது? என்ன கடை என்று சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கு வேலை தேடித்தரும். புடவைக்கடை என்றால் இப்படி எழுதுங்கள்: 'ஐ கெப்ட் த அக்கவுண்ட்ஸ் அட் மை அங்கிள்ஸ் டெக்ஸ்டைல் ஷொப் ஃபோர் டூ இயர்ஸ்.' கொம்பு 'அங்கிள்'ஸில், 'எஸ்'ஸுக்கு முன்னால். கையால் எழுதி வைத்துக்கொண்டு, அதை அப்படியே அடித்துத் தரச் சொல்லுங்கள்.