மாரியில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, கிடங்கு (குழி) வெட்டிக் கூரைத் தண்ணீரை இறக்கலாமா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியில் 15 பேர்ச் காணி, சீட் கூரை, ஒவ்வொரு மாரிக்கும் குசினிப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடங்கு வெட்டிக் கல் நிரப்பிக் கூரைப் பீலித் தண்ணீரை அதற்குள் விடலாமா, இல்லை நாலைந்து லோட் கிறவல் (சரளை மண்) போட்டு வளவை உயர்த்தலாமா என்பது உங்கள் கேள்வி. நான் ஆரையம்பதியில் இந்த இரண்டையும் செய்து பார்த்தவன். எதற்கும் காசு கொடுக்கும் முன் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள், அதுவும் மார்கழியில்.

நான் கிடங்கு வெட்டியது செப்டம்பர் மாதம். 4 அடிக்கு 4 அடி, 5 அடி ஆழம், அடியில் உலர்ந்த வெள்ளை மணல். "இது மணல் மண், எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சிரும்" என்றார் மேசன். அவர் சொன்னது பொய்யில்லை, ஒக்டோபர் மழையைக் கிடங்கு அப்படியே குடித்தது, எனக்கும் பெரிய சந்தோஷம். அப்புறம் நவம்பர் கடைசியில் நாலு நாள் விடாமல் பெய்தபோது கிடங்கு மேலிருந்து நிரம்பவில்லை, கீழிருந்து நிரம்பியது. அம்மா வாசலில் நின்று "கிணத்த ஒருக்காப் பாரு மனே" என்றார். போய்ப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் நிலமட்டத்துக்கு ஒன்றரை அடிக்குக் கீழே நிற்கிறது. நிலத்துக்குள்ளேயே இடமில்லாதபோது கிடங்கு எதைக் குடிக்கும்?

வாவிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் எழுவான்கரை முழுக்க இதுதான் நிலைமை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. எங்கள் வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது, அதே நேரம் வாவியும் ஏறுகிறது, நிலத்தடித் தண்ணீரும் ஏறுகிறது.

ஒரு கணக்கும் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லீட்டர். 1000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ஆகவே ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 9300 லீட்டர். என் கிடங்கின் முழுக் கொள்ளளவே 2260 லீட்டர் அளவில்தான், கல் போட்டபின் அதில் பாதிகூட மிஞ்சாது. 1000 லீட்டர் தாங்கி வைக்கலாம் என்றால் அது 11 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். தாங்கி நல்லதுதான், மாரி முடிந்த பிறகும் மரக்கறித் தோட்டத்துக்கு உதவும், வாயை வலையால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்கு நுளம்பு வளர்ப்பீர்கள். ஆனால் வெள்ளத்துக்கு அது மருந்தில்லை.

சரி, எனக்கு எது உதவியது? பழைய வழியைத் தேடிப் பிடித்ததுதான். சின்ன வயதில் எங்கள் வளவில் தண்ணீர் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. அப்போது நாலு பக்கமும் கிடுகு வேலி, தண்ணீர் வேலிக்குக் கீழால் பக்கத்து வளவுக்குப் போய் அங்கிருந்து ஒழுங்கைக்கு இறங்கிவிடும். பிறகு நாங்களும் மதில் கட்டினோம், பக்கத்து அக்காவும் மதில் கட்டினார், யாருமே அடியில் ஓட்டை விடவில்லை. உங்கள் வளவிலும் எந்த மதில் எந்த வருடம் வந்தது, தண்ணீர் எப்போதிலிருந்து நிற்கிறது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

மேசன்மார் மட்டம் பார்க்கும் குழாயை வாங்கி குசினி மூலையிலிருந்து ஒழுங்கைக் கான் (வடிகால்) வரை பார்த்தோம். 60 அடித் தூரத்தில் 5 அங்குலம் இறக்கம் இருந்தது, அது போதும். பீலியை 20 அடிக்கு 1 அங்குலமாவது சரியும்படி மாற்றிக் கட்டி (முன்பு நடுவில் தொய்ந்து, அங்கேதான் கொட்டியது), இரண்டு மூலையிலும் கீழே இறக்கி, 4 அங்குலக் குழாயால் நேரே மதிலுக்கு அடியால் கானுக்குக் கொண்டுபோனேன். முருங்கை இலையும் தென்னம்பூவும் வந்து அடைக்கும், இறங்கும் இடத்தில் திறந்து துப்புரவாக்க ஒரு சின்னத் தொட்டி கட்டாயம் வையுங்கள். நிலத்தில் விழும் மழைக்கு வேறாக ஆழமில்லாத ஒரு வாய்க்கால், சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக. பக்கத்து வளவுக்குள்ளால் போக வேண்டி வந்தால் போய்ப் பேசுங்கள், தெரியாமல் திருப்பி விடாதீர்கள். மழைத் தண்ணீரால் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு வீட்டை எனக்குத் தெரியும், மனதுக்குக் கஷ்டமான விஷயம் அது.

கிறவலைப் பற்றி: வீட்டைச் சுற்றி முழுக்கப் போடாதீர்கள். கிறவல் இறுகினால் தண்ணீர் இறங்காது, மணல் குடித்துக்கொண்டிருந்த கொஞ்சமும் நின்றுபோகும். இன்னொன்று, ஈரம் ஏறாமல் இருக்க அத்திவாரத்தின் மேல் தார் பூசியிருப்பார்களே, அந்த மட்டத்துக்கு மேலே மண் ஏறினால் சுவர் ஈரத்தை உறிஞ்சி பெயின்ட் கொப்பளிக்கும். எங்கள் சாமி அறைச் சுவர் அப்படித்தான் கெட்டது. பள்ளத்துக்கு மணலே போடுங்கள், தார் மட்டத்துக்கு அரை அடி கீழே நிறுத்துங்கள்.

மலசலகூடக் குழியின் பக்கமோ கிணற்றின் பக்கமோ ஒரு சொட்டுக் கூரைத் தண்ணீரும் போகக் கூடாது. தண்ணீர் மேலே ஏறி நிற்கும் நாட்களில் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இருப்பது நனைந்த மணல் மட்டும்தான், பிள்ளைகள் இருக்கும் வீடு என்கிறீர்கள், அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு வாவி நிரம்பி நிற்கும்போது ஒழுங்கைக் கானே பின்னோக்கி வரும், முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும்வரை என் குழாயாலும் ஒன்றும் ஆகாது. அந்த நாட்களுக்காகக் குழாயின் வெளிவாயில் ஒரு மூடி வைத்திருக்கிறேன்.

வெட்டும் வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள், மழை தொடங்கினால் மணல் சரிந்து விழும். அதற்கு முன் இரண்டு அளவு எடுத்து இங்கே எழுதுங்கள்: போன மாரியில் கிணற்றில் தண்ணீர் ஏறிய அடையாளம் நிலத்திலிருந்து எத்தனை அடி கீழே, குசினி மூலைக்கும் ஒழுங்கைக்கும் எத்தனை அங்குல இறக்கம். குழாய் எந்தப் பக்கம் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.