ரிமோட் பாய்மரப் படகுக்கு வின்ச் சர்வோ எதற்கு? சாதாரண சர்வோ போதாதா?

வின்ச் சர்வோ என்பது பாயின் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கவும் தளர்த்தவும் செய்கிற சின்ன மோட்டார்.

சுக்கானுக்கு, ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாமல் குறிப்பிட்ட கோணம் மட்டும் திரும்புகிற சாதாரண சர்வோ மோட்டார் தாராளம். இருபக்கமும் 30, 40 டிகிரி திரும்பினால் சரி. பாயின் கதை வேறு. ஒரு மீட்டர் நீளப் படகில் 30 செ.மீ. அளவுக்குக் கயிறு ஓட வேண்டியிருக்கும். 4 செ.மீ. விட்டமுள்ள உருளை ஒரு சுற்றுக்குச் சுமார் 12.5 செ.மீ. இழுக்கும், மூன்று சுற்றில் 37 செ.மீ. தாண்டிவிடும். குட்டிப் படகென்றால் சாதாரண சர்வோவில் நீளமான கை மாட்டியே சமாளிக்கலாம்.

மொட்டை மாடியில் காத்தாடி விடுவது மாதிரிதான். நூல்கண்டைச் சுற்றினால் நூல் உள்ளே வரும். தளர்த்தினால் காற்று இழுத்துக்கொண்டு போகும். காற்று ஓய்ந்தால் நூல் தொய்ந்து சிக்கும். ஏற்காடு ஏரியில் எனக்கு அப்படித்தான் ஆனது. உருளையில் கயிறு சிக்கி, மிதிபடகில் போய்ப் படகை மீட்டேன். அப்புறம்தான் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க மெல்லிய எலாஸ்டிக் கட்டினேன்.

வின்ச்தான் பாயை வெளியே தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு எதையும் தள்ளாது, தள்ளுவது காற்று. அதனால் ஜன்னல் சாத்திய அறையில் சோதித்துவிட்டு, பாய் விரியவில்லையே என்று நல்ல சர்வோவைக் கழற்றிவிடாதீர்கள்.